பழைய வழக்கும் பாட்டி வீடும்

அமெரிக்காவில் பெற்றோரிடமிருந்து அரசு பிரித்தெடுத்த குழந்தையை ஏற்று வளர்க்க ஒரு குடும்பம் முன்வந்தால், அந்த வீட்டுக்கு மாநிலத்தின் உரிமம் வேண்டும். வீட்டை வந்து பார்ப்பார்கள், வருமானத்தைக் கேட்பார்கள், பயிற்சிக்கு அழைப்பார்கள், கைரேகையும் எடுப்பார்கள். அந்தக் கைரேகை பழைய போதைப்பொருள் வழக்கு ஒன்றைக் கிளறிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? போதை வழக்கில் ஒருமுறை தண்டனை பெற்றவருக்கு இந்தக் கதவு ஆயுளுக்கும் அடைபட்டுவிடும் என்று நினைப்பவர்கள் பலர். கூட்டாட்சிச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அது வகுத்தது ஐந்தாண்டுத் தடை. அதன்மேல் மாநிலங்கள் அடுக்கிய விதிகளும், அவற்றைக் கையாளும் அலுவலகங்களின் அச்சமும் சேர்ந்துதான் அந்தத் தடையை அகலமாக்கி நீளமாக்கியிருக்கின்றன. அதில் அதிகம் இழப்பது, முன்பின் அறியாத குழந்தையை வளர்க்க விண்ணப்பிக்கும் அந்நியர் அல்ல. தன் பேரக்குழந்தையைக் கேட்டு நிற்கும் பாட்டி, தங்கை மகனைக் கேட்டு நிற்கும் பெரியம்மா. அந்நியரை நிராகரித்தால் அரசு வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொள்ளலாம். பாட்டியை நிராகரித்தால் அந்தக் குழந்தைக்கு வேறொரு பாட்டியைத் தேடித்தர முடியாது. அந்நியரை மனத்தில் வைத்து எழுதிய தடையை உறவினருக்கும் அப்படியே பூட்டியது பிழை. உறவினர் விஷயத்தில் பழைய தண்டனை விசாரணைக்குத் தொடக்கமாக இருக்கலாம், முடிவாக இருக்கக் கூடாது என்பதே என் வாதம்.

இந்தத் தடை பிறந்த காலத்தைத் தெரிந்துகொள்ளாமல் அதன் வடிவம் புரியாது. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 2,80,000 குழந்தைகள் அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தார்கள். கிராக் கோக்கெய்ன் நகரங்களுக்குள் பரவிய பின் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், 1999இல் 5,60,000ஐத் தாண்டியது. அதே ஆண்டுகளில் சட்டமும் கடுமையானது. 1986இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 5 கிராம் கிராக் விற்றவருக்கும் 500 கிராம் கோக்கெய்ன் தூள் விற்றவருக்கும் ஒரே அளவு குறைந்தபட்சத் தண்டனையை, அதாவது ஐந்தாண்டுச் சிறையை விதித்தது. கிராக் வழக்குகளில் சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 1996இன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், போதைப் பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு உணவு உதவியையும் பண உதவியையும் ஆயுள் முழுக்க மறுத்தது. மாநிலம் விரும்பினால் அந்தத் தடையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு, 1997 நவம்பரில், தத்தெடுப்பு மற்றும் பாதுகாப்பான குடும்பங்கள் சட்டம் வந்தது. வளர்ப்புப் பெற்றோரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் சொன்ன சட்டம் அதுதான். போதையைக் குடும்பத்தின் பகையாகவும், போதை வழக்கில் சிக்கியவரைக் குடும்பத்துக்கு ஆகாதவராகவும் பார்த்த பத்தாண்டின் முடிவில் அது எழுதப்பட்டது. அந்த மனநிலையை நினைத்துப் பார்த்தால், சட்டத்தின் வாசகம் எதிர்பார்ப்பதைவிட நிதானமாகவே இருக்கிறது.

குற்றங்களை அந்த வாசகம் இரண்டாகப் பிரிக்கிறது. குழந்தைக்கு எதிரான வன்முறை, குழந்தையைப் புறக்கணித்தல், வாழ்க்கைத் துணையைத் துன்புறுத்தல், பாலியல் வன்முறை, கொலை போன்றவற்றுக்காக ‘ஃபெலனி’ எனப்படும் பெருங்குற்றத் தீர்ப்பு பெற்றவருக்கு எக்காலத்திலும் ஒப்புதல் இல்லை. அடிதடி, தாக்குதல், போதைப்பொருள் தொடர்பான பெருங்குற்றம் ஆகியவற்றுக்கு, குற்றம் கடந்த ஐந்து ஆண்டுக்குள் நடந்திருந்தால் மட்டுமே ஒப்புதல் இல்லை. மேலோட்டமாகப் படிப்பவர்கள் தவறவிடும் நுணுக்கங்கள் இதில் உண்டு. தடை வருவது தீர்ப்பினால். வெறும் கைதினால் அல்ல. பெருங்குற்றத்துக்கு மட்டுமே தடை. ‘மிஸ்டெமினர்’ எனப்படும் சிறுகுற்றத்துக்கு இல்லை. ஐந்தாண்டு கணக்கிடப்படுவது குற்றம் நடந்த நாளிலிருந்து. சிறையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்து அல்ல. ‘போதைப்பொருள் தொடர்பான குற்றம்’ எது என்பதை அந்தப் பிரிவு விளக்கவே இல்லை. தன் பையில் சிறு பொட்டலம் வைத்திருந்தவரும், பிள்ளைகள் விளையாடும் வீட்டில் போதை சமைத்து விற்றவரும் அந்த ஒரே சொற்றொடருக்குள் அடங்கிவிடுகிறார்கள். முதலில் மாநிலங்கள் இந்தத் தடையை ஏற்காமல் தமக்கென விதி வைத்துக்கொள்ள வழி இருந்தது. 2006இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம், கைரேகை வழியாக நாடு தழுவிய குற்றப் பதிவேடுகளைச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கி, அந்த வழியை 2008 அக்டோபரோடு அடைத்தது.

ஆக, கூட்டாட்சிச் சட்டத்தின்படி ஏழு வருடங்களுக்கு முன் ஹெராயின் வைத்திருந்து பிடிபட்டுத் திருந்தி வாழும் பெண்ணுக்கு உரிமம் பெறத் தடை ஏதும் இல்லை. ஆனால் கூட்டாட்சிச் சட்டம் வகுப்பது குறைந்தபட்ச வரம்பை மட்டுமே. அதற்கு மேல் எவ்வளவு உயரமாகவும் மாநிலங்கள் வேலி கட்டலாம், கட்டியிருக்கின்றன. கலிஃபோர்னியாவின் சட்டம் சிறு போக்குவரத்து மீறல் தவிர்ந்த எந்தத் தண்டனையையும் தடையாக எடுத்துக்கொண்டது. விண்ணப்பிப்பவர் தனியே ‘விலக்கு’ கேட்டு, தான் திருந்தியவர் என்று சான்றுகளோடு நிரூபிக்க வேண்டும். இல்லினாய்ஸின் 1969ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்புச் சட்டத்தில் பின்னாளில் சேர்ந்த பிரிவுகள், பட்டியலிட்ட குற்றங்களுக்கான தடையை விண்ணப்பதாரரோடு நிறுத்தாமல் அந்த வீட்டில் வசிக்கும் வயதுவந்தோர் எல்லோருக்கும் நீட்டின. கடைசியாகச் சொன்னது கொடிய விளைவு உடையது. ஒரு பாட்டியின் பதிவேடு வெள்ளைத்தாளாக இருக்கலாம். ஆனால் சிறையிலிருந்து வந்த மகன் அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பேரனை வைத்துக்கொள்ள வேண்டுமானால் மகனைத் தெருவுக்கு அனுப்ப வேண்டும். திருந்த முயலும் ஒருவனுக்கு மிகவும் தேவைப்படுவது நிலையான ஒரு வீடு. அதைப் பறித்துத்தான் குழந்தைக்கு வீடு தர முடியும் என்று ஒரு குடும்பத்தை நெருக்குவது பாதுகாப்பு ஆகாது.

தடையின் அளவுகோல் பெருங்குற்றம் என்பதிலும் ஓர் ஆழமான குறை இருக்கிறது. ஒரே செயல் எல்லை தாண்டினால் வேறு குற்றமாகிவிடுகிறது. கலிஃபோர்னியா 2014இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே சொந்தப் பயன்பாட்டுக்காகப் போதைப்பொருள் வைத்திருப்பதைச் சிறுகுற்றமாக்கியது. ஓக்லஹோமா 2016இல் அதையே செய்தது. ஓரிகான் 2020இல் அதற்குக் குற்றத் தண்டனையே வேண்டாம் என்று முடிவெடுத்து, 2024இல் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. வேறு பல மாநிலங்களில் அதே அளவுப் பொட்டலம் இன்றும் பெருங்குற்றம். அதாவது குழந்தையை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பதைப் பற்றி எதையும் சொல்லாத ஒரு தேதியும் ஒரு வரைபடக் கோடும் அவர் தகுதியைத் தீர்மானிக்கின்றன. இதோடு இன வேறுபாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியத்தின் ஆய்வின்படி, 2018இல் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிட 3.64 மடங்கு. பயன்பாட்டிலோ இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கறுப்பினக் குழந்தைகள் மக்கள்தொகையில் ஏழில் ஒரு பங்குதான். வளர்ப்புப் பராமரிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். குழந்தைகள் அதிகம் பிரிக்கப்படும் சமூகமும் உறவினரின் பதிவேட்டில் போதை வழக்கு அதிகம் ஏறியிருக்கும் சமூகமும் ஒன்றே. எந்தத் தெருவில் காவல்துறை அதிகம் சோதனை போட்டதோ, அந்தத் தெருவின் பாட்டிமார்தான் உரிம அலுவலகத்தில் அதிகம் தடுக்கப்படுகிறார்கள்.

இந்த விவாதத்தில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று பணம். உரிமம் மறுக்கப்பட்டால் குழந்தை உறவினர் வீட்டிலிருந்து வெளியேறிவிடும் என்றுதான் நாம் எண்ணுவோம். பல இடங்களில் நடப்பது வேறு. மாநிலம் குழந்தையை உரிமம் இல்லாத அந்த உறவினரிடமே விட்டுவைக்கிறது. ஆனால் வளர்ப்புப் பெற்றோருக்குத் தரும் மாதாந்தரத் தொகையைத் தருவதில்லை, கூட்டாட்சி நிதியைக் கோரவும் முடிவதில்லை. உறவினருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏழைக் குடும்ப நலத்திட்டத்தின் கீழ் குழந்தைக்கு மட்டும் வரும் சிறு தொகை. வளர்ப்புத் தொகையைவிட மிகவும் குறைவு. இந்தப் பாகுபாடு நீதிமன்றம் ஏறிய வரலாறு நீண்டது. இல்லினாய்ஸிலிருந்து எழுந்த யூக்கிம் வழக்கில், உரிமத் தகுதி உள்ள உறவினருக்குக் கூட்டாட்சி வளர்ப்புத் தொகையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1979இல் சொன்னது. கென்டக்கியிலிருந்து வந்த கிளிஸன் வழக்கில் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல், மாநிலம் ஒப்புதல் தந்த உறவினருக்கு மற்ற வளர்ப்புப் பெற்றோருக்கு உரிய தொகையே உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்த இரண்டு தீர்ப்புகளின் பலனும் உரிமமோ ஒப்புதலோ கிடைத்தவருக்குத்தான். பழைய போதை வழக்கு அந்த வாசலிலேயே ஆளை நிறுத்திவிடும்போது, அதே குழந்தை, அதே கட்டில், அதே பள்ளி; குறைவது சோற்றுக்கும் மருந்துக்கும் உள்ள காசு மட்டும். குழந்தையை விட்டுவைக்கும் அளவுக்கு அந்த வீடு பாதுகாப்பானது என்று நம்பும் அரசு, பணம் தரும் அளவுக்குப் பாதுகாப்பானது அல்ல என்று சொல்வதை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. இத்தகைய மறுப்பால் குழந்தைக்கு ஒரு துளிப் பாதுகாப்பும் கூடுவதில்லை.

பழைய குற்றம் எதிர்கால நடத்தையைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்பது ஊகத்துக்கு விடப்பட்ட விஷயம் அல்ல; ஆய்வுகள் இருக்கின்றன. ஆல்ஃபிரட் பிளம்ஸ்டீனும் கிமினோரி நகமுராவும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நியூயார்க் மாநிலத்தில் 1980இல் முதன்முறை கைதானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 18 வயதில் வழிப்பறிக்காகக் கைதானவர், மறுபடி பிடிபடாமல் 7.7 ஆண்டு கடந்தால், அவர் மீண்டும் கைதாகும் வாய்ப்பு அதே வயதுள்ள பொதுமக்களின் வாய்ப்புக்கு இறங்கிவிடுகிறது. கடும் தாக்குதலுக்கு 4.3 ஆண்டு, கன்னக்களவுக்கு 3.8 ஆண்டு. ஃபிலடெல்ஃபியாவில் 1958இல் பிறந்தவர்களின் பதிவுகளைக் கொண்டு கர்லிச்செக், பிரேம், புஷ்வே ஆகியோர் 2006இல் எழுதியதும் இதே திசையைக் காட்டியது: ஆறேழு ஆண்டுகள் கழிந்தால் பழைய பதிவு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் வேறுபாடு மிகச் சிறிதாகிவிடுகிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்களைப் பற்றி டென்னிஸ், ஃபாஸ், ஸ்காட் 2007இல் வெளியிட்ட எட்டாண்டு ஆய்வு இன்னும் நேரடியானது. விட்டு ஓராண்டுகூட ஆகாதவர்களில் பெரும்பாலோர் பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள். ஐந்தாண்டு தாண்டியவர்களில் அப்படித் திரும்புபவர் 15 விழுக்காட்டுக்கும் குறைவு.

இந்தச் சான்றுகள் என் வாதத்துக்கு முழுவதும் சாதகமானவை அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐந்தாண்டு என்ற எல்லை மனம்போன போக்கில் வைத்ததல்ல என்பதையே அவை காட்டுகின்றன. முன்பின் அறியாத குழந்தையை ஏற்க விண்ணப்பிப்பவரிடம் ஐந்தாண்டு பொறுங்கள் என்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே சான்றுகள் இரண்டு விஷயங்களை உடைக்கின்றன. ஐந்தாண்டைத் தாண்டி மாநிலங்கள் நீட்டிய தடைகளுக்கு அவற்றில் ஆதாரம் இல்லை. மேலும், சட்டம் எண்ணுவது குற்றத்திலிருந்து. மீட்சி தொடங்குவதோ விட்ட நாளிலிருந்து. பிடிபடுவதற்கு மூன்றாண்டுக்கு முன்பே பழக்கத்தை விட்டு, பழைய கடனுக்காக ஒரு பொட்டலத்தைக் கைமாற்றியவர் தடைக்குள் வருகிறார். தினமும் மாத்திரை விழுங்கியும் ஒருமுறைகூடப் பிடிபடாதவர் சோதனையைச் சுத்தமாகத் தாண்டுகிறார். கைரேகைக்குத் தெரிவது வழக்குதான். பழக்கம் அதன் கண்ணில் படாது. குழந்தையின் பாதுகாப்பு பழக்கத்தைச் சார்ந்தது என்றால், நாம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மறுபுறத்தில், உறவினர் வீட்டை இழப்பதன் விலையும் அளக்கப்பட்டிருக்கிறது. வினோகூரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் 102 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்கு நடத்தைச் சிக்கலும் மனநலக் குறைவும் குறைவு, வீடு விட்டு வீடு மாறுவதும் குறைவு என்று கண்டார்கள். டேவிட் ரூபின் குழுவின் 2008ஆம் ஆண்டு ஆய்வு இதையே எண்ணாகச் சொன்னது: பிரிக்கப்பட்டு மூன்றாண்டு கழித்துப் பார்க்கையில், தொடக்கத்திலேயே உறவினரிடம் சேர்ந்த குழந்தைகளில் 32 விழுக்காட்டினருக்கும், வெளியார் வீடுகளிலேயே இருந்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கும் நடத்தைச் சிக்கல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். உறவினரிடம் சென்ற குழந்தைகள் தொடக்கத்திலேயே சற்று நல்ல நிலையில் இருந்தவர்களாக இருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது; ரூபின் குழு அதைக் கணக்கில் எடுத்துத் திருத்திய பிறகும் இடைவெளி மறையவில்லை. தடையை ஆதரிப்பவர்கள் ஒரு தட்டில் பழைய குற்றத்தின் ஆபத்தை வைத்துவிட்டு மறுதட்டைக் காலியாக விடுகிறார்கள். அந்தத் தட்டில் இருப்பது, அறிமுகமற்ற வீடுகளுக்கிடையே அலையும் ஒரு குழந்தையின் ஆண்டுகள்.

எதிர்வாதங்களில் மிக வலுவானது இது: வளர்ப்புப் பராமரிப்புக்கு வரும் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெற்றோரின் போதைப் பழக்கத்தின் காரணமாகவே பிரிக்கப்பட்டவர்கள். ஓபியாய்டு போதை பெருகிய ஆண்டுகளில், 2012இல் 3,97,000ஆக இருந்த பராமரிப்புக் குழந்தைகளின் மொத்த எண்ணிக்கை 2017இல் 4,40,000ஐத் தொட்டது. ஒரு மாவட்டத்தில் போதைப்பொருள் மிகைப்பயன்பாட்டு மரண விகிதம் 10 விழுக்காடு கூடினால், குழந்தைகள் பராமரிப்புக்கு வரும் விகிதம் 4.4 விழுக்காடு கூடுவதாகக் கூட்டாட்சிச் சுகாதாரத் துறையின் 2018ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. போதையிலிருந்து மீட்டெடுத்த குழந்தையை, அதே போதை நுழைந்த குடும்பத்தின் இன்னொரு கிளையில் கொண்டுபோய் வைப்பதா? இந்த அச்சத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் அதற்கு விடை தருவது நெருங்கிய விசாரணை. அந்தப் பாட்டி இன்று யாரோடு பழகுகிறார், சிகிச்சை பெற்றாரா, மகள் வாசலில் வந்து நின்றால் கதவைத் திறப்பாரா, குழந்தையின் மருத்துவர் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதையெல்லாம் ஒரு பதிவேட்டு அச்சுப்பிரதி சொல்லாது. வீட்டுக்குப் பலமுறை சென்று பேசும் சமூகப் பணியாளர்தான் சொல்ல முடியும். தன் வாழ்வில் ஒருமுறை போதையைத் தொட்டு மீண்டவருக்கு, தன் பிள்ளை பொய் சொல்லும்போது அடையாளம் காணும் கண் இருக்கவும் வாய்ப்புண்டு. இதை நான் பொது விதியாக முன்வைக்கவில்லை. விசாரிக்காமல் இதைத் தெரிந்துகொள்ள முடியாது என்று மட்டுமே சொல்கிறேன்.

இன்னொரு எதிர்வாதம் நிர்வாகத்திலிருந்து வருகிறது, அதையும் மதிக்கிறேன். தெளிவான கோடு எல்லோருக்கும் ஒன்று; அலுவலரின் கையில் தீர்ப்பைக் கொடுத்தால் அவருடைய வெறுப்பும் விருப்பும் அதில் கலந்துவிடும் என்கிறார்கள். இனப் பாகுபாட்டைப் பற்றி மேலே சொன்ன பிறகு இந்தக் கவலையை நான் தள்ள முடியாது. ஆனால் கோடு நடுநிலையாகத் தெரிவது, பாகுபாடு அதற்கு முன்பே, கைது செய்யும் தெருமுனையில் நடந்து முடிந்துவிட்டதால்தான். அங்கே நடந்ததைக் கோடு அப்படியே நகலெடுக்கிறது. அலுவலரின் தீர்ப்பையாவது எழுத்தில் காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம், நீதிபதி முன் கொண்டுபோகலாம். கலிஃபோர்னியா 2021இல் நிறைவேற்றிய சட்டம் இந்த வழியைத்தான் திறந்தது: நிர்வாகம் விலக்கு தராவிட்டாலும், குழந்தைக்கு ஆபத்து இல்லை என்று கண்டால் உறவினரிடம் ஒப்படைக்க நீதிமன்றம் ஆணையிடலாம். அலுவலகத்தின் உள்ளார்ந்த அச்சமும் இதனால் குறையும். உரிமம் கொடுத்த வீட்டில் அசம்பாவிதம் நடந்தால் நாளிதழில் பெயர் வரும். உரிமம் மறுத்ததால் ஐந்து வீடு மாறிய குழந்தையைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. தனி அலுவலரின் தோளில் முழுப் பொறுப்பையும் வைத்தால் அவர் மறுக்கவே செய்வார். அதில் அவர் குறை அதிகம் இல்லை.

மாற்றத்துக்கான இடம் இப்போது ஓரளவு கிடைத்திருக்கிறது. 2008இல் வந்த சட்டம், உறவினருக்குப் பாதுகாப்பு சாராத உரிம விதிகளை, அதாவது படுக்கையறை அளவு போன்றவற்றைத் தளர்த்த அனுமதித்தது. குற்றப் பின்னணி அந்தத் தளர்வுக்குள் வரவில்லை. 2023 செப்டம்பரில் கூட்டாட்சிக் குழந்தைகள் நிர்வாகம் வெளியிட்ட விதி, உறவினர் வீடுகளுக்கென்றே தனி உரிம நெறிகளை வகுக்கவும், அவர்களுக்கும் மற்றவர்க்குரிய அதே தொகையைத் தரவும் மாநிலங்களுக்கு வழி செய்தது. இதன்படி ஒரு மாநிலம் தான் அடுக்கிய கூடுதல் தடைகள் அனைத்தையும் உறவினருக்கு நீக்கி, கூட்டாட்சிச் சட்டத்தின் குறைந்தபட்ச வரம்போடு நின்றுவிடலாம். இல்லினாய்ஸ் 2025 பிப்ரவரியில் கையெழுத்திட்ட உறவினர் பராமரிப்புச் சட்டம் அந்தத் திசையில் வைத்த அடி. எஞ்சுவது அந்த ஐந்தாண்டுப் பிரிவு. அதை மாநிலங்கள் தொட முடியாது, நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். திருத்தம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பிப்பவர் குழந்தையின் உறவினராக இருந்து, குற்றம் தன் பயன்பாட்டுக்குப் போதைப்பொருள் வைத்திருந்தது மட்டுமாக இருந்தால், தானியங்கித் தடைக்குப் பதில் நீதிமன்ற மேற்பார்வையில் தனி மதிப்பீடு என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். குழந்தைகள் இருந்த வீட்டில் விற்றவர், தயாரித்தவர், ஆயுதத்தோடு பிடிபட்டவர் ஆகியோருக்கு இன்றுள்ள தடை அப்படியே தொடரலாம். அதுவரை மாநிலங்கள் தாமாகவே செய்யக்கூடியவை உண்டு: மறுப்பு எதுவாயினும் காரணத்தை எழுத்தில் தருவது, மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்துவது, கைதை மட்டும் வைத்து மறுப்பதை நிறுத்துவது, உரிமம் மறுத்த உறவினரிடமே குழந்தையை விட்டுவைத்தால், கூட்டாட்சி நிதி வராத அந்தத் தொகையை மாநிலக் கருவூலத்திலிருந்து கொடுப்பது. இவற்றில் கடைசியானதை முதலில் செய்ய வேண்டும். மற்றவை சட்டமன்றங்களில் காத்திருக்கலாம். அந்த வீட்டுக் குழந்தை ஒவ்வொரு மாதமும் சாப்பிட்டாக வேண்டும்.